உயிரோடிருப்பவருக்கு ஒரு கல்வெட்டு

நம்மவர்கள் கல்வெட்டை வாசிப்பதில்லை. இதைச் சிவகுருநாதனைவிட நன்றாக அறிந்தவர் பேர்லினில் எவருமில்லை, எழுதுகிறவரே அவர்தான். யாராவது காலமானால், முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறிய புத்தகம் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, உறவினர் வரிசை, இரங்கற் பாக்கள், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். அதைத்தான் கல்வெட்டு என்பார்கள். வந்தவர்கள் அட்டையைப் பார்த்து "நல்ல படம்" என்பார்கள், புத்தகத்தைக் கைப்பைக்குள் வைப்பார்கள், பந்திக்கு எழும்பிப் போவார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்துகொண்டே இருபத்தாறு வருடத்தில் நூற்று நாற்பது கல்வெட்டு எழுதிவிட்ட மனிதருக்கு இது கவலைதான். ஆனால் உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வசதியும்கூட.

வசதி இதுதான். கணினியில் போன கல்வெட்டு இருக்கும். பெயரையும் ஊரையும் திகதியையும் மாற்றினால் இந்தக் கல்வெட்டு. 'ஆலமரமாய் நிழல் தந்தவர்' என்று அவரிடம் ஒரு வரி உண்டு. அந்த ஆலமரம் நொய்கெல்னிலும் பிராங்பேர்ட்டிலும் கெல்சென்கிர்ச்சனிலும் எத்தனையோ வீடுகளில் நிழல் தந்திருக்கிறது. இளவயதில் கவிஞனாக வரவேண்டுமென்று ஆசைப்பட்டவர் சிவகுருநாதன். இப்போது யாராவது அதைக் கிளறினால், "சும்மா எழுதிக் குடுக்கிறனான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

பங்குனி மாதம் நாகமுத்து காலமானார். உணவகத்தில் கோப்பை கழுவி, கலியாணம் கட்டாமல், பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் தனியாக வாழ்ந்த மனிதர். கொள்ளிக்கும் சொந்தமென்று ஒருவர் வரவில்லை. கோயிலில் பழகியவர்களே செத்தவீட்டைச் செய்தார்கள், முப்பத்தொன்றையும் செய்தார்கள். அதற்கு முந்திய மாதம் கெல்சென்கிர்ச்சனில் காலமான வேலாயுதரின் கல்வெட்டு கணினியில் கிடந்தது. சிவகுருநாதன் பெயரை மாற்றினார், படத்தை மாற்றினார், மனைவி பெயர் இருந்த வரியை எடுத்தார், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஐம்பது பிரதி அடிக்கக் கொடுத்துவிட்டு ஓடினார். வேலாயுதரின் பிள்ளைகள் ஐந்து பேரும் அப்படியே உள்ளே இருந்துவிட்டார்கள்.

மண்டபத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்தது ஒரே ஒரு ஆள்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.

நாகமுத்துவின் மேல்வீட்டுக்காரி அவர். எண்பத்துநான்கு வயது, நெட்டையான உடம்பு, கறுப்புக் கோட். சிவகுருநாதனின் மகள் நிருஷாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, கொடுத்த புத்தகத்தை விரித்து, "இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துச் சொல்ல முடியுமா?" என்று ஜேர்மனில் கேட்டிருக்கிறார். மருந்துக்கடையில் வேலை செய்கிற நிருஷாவுக்குப் பொறுமை அதிகம். வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். எழும்பி வந்து தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, ஒருக்கா வாங்கோ. நாகமுத்து மாமாவுக்கு ஐஞ்சு பிள்ளையள் எண்டு போட்டிருக்கிறியள்."

சிவகுருநாதன் வடையை வைத்துவிட்டு மகளோடு போனார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். 'மதீசன், கிருஷாந், நிலக்சன், சதீசன், மிதுஷா ஆகியோரின் பாசமிகு தந்தையும்' என்று இருந்தது. கீழே பாட்டும் விடவில்லை:

ஐவரைப் பெற்று ஆளாக்கி வைத்தவரே
கைவிட்டுப் போனீரே கண்ணீரில் நாம் மிதக்க.

கிழவி அவரை நிமிர்ந்து பார்த்தார். "இருபத்திரண்டு வருடம் நான் அவருக்கு மேல்வீட்டில் இருக்கிறேன். ஐந்து பிள்ளைகள் படியேறி வந்ததை ஒருநாளும் காணவில்லை. எங்கே அவர்கள்?"

பொய் சொல்ல நினைத்தும் பொய் வரவில்லை. பழைய புத்தகத்திலிருந்து பிரதி பண்ணியதையும், எடுக்க மறந்ததையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர் சொல்லி முடிக்க, கிழவி சிரித்தார். மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரியான சிரிப்பு. பிறகு கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அறுபது வருடமாக எழுதுகிறேன்," என்றார். "தனியாக இருந்த ஒரு மனிதருக்கு ஐந்து பிள்ளைகளைக் கொடுக்க என்னால் முடிந்ததில்லை. எனக்கும் இப்படி ஒரு புத்தகம் எழுதித் தாருங்கள். அதில் ஒரு பிழையும் இருக்கவேண்டும். ஒன்று போதும். ஆனால் சீக்கிரம் எழுதுங்கள். மருத்துவர் இலையுதிர்காலம்வரை என்கிறார். நான் என் காதால் கேட்கவேண்டும்."

ஏதோ பென்சன் எடுத்த ரீச்சராக்கும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தார் சிவகுருநாதன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நிருஷா கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, தகப்பனிடம் நீட்டினாள். ரக்னில் வெஸ்ட்ரூப். டென்மார்க்கின் கவிஞர். பதினொரு கவிதை நூல்கள், பத்தொன்பது மொழிகளில் மொழிபெயர்ப்பு. கோபன்ஹேகனில் ஒரு நூலகத்துக்கே அவருடைய பெயர். ஆலமரத்தை வைத்துக் காலம் தள்ளுகிற மனிதருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மனைவி திலகவதிக்கு வேறு பயம்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன விசரோ? உயிரோட இருக்கிற மனுசிக்கு ஆரும் கல்வெட்டு எழுதுவினமோ? நாளைக்கு அந்த மனுசிக்கு ஒண்டு நடந்தா உங்கட எழுத்தாலதான் எண்டு நான் சொல்லுவன்."

"அவவே கேக்கிறா. நான் என்னெண்டு ஏலாது எண்டு சொல்றது?"

"வாயாலதான். வேற எதாலயும் சொல்லத் தேவையில்ல."

ஆனால் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. நூற்று நாற்பது எழுதியாயிற்று, ஒன்றாவது உண்மையாக எழுதவேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதியதை முழுதாக வாசிக்கப்போகிற ஒருவர் கிடைத்திருக்கிறார். அதுவும் எழுத்தென்றால் என்னவென்று தெரிந்தவர். இதை விட்டால் இனி வராது. திலகவதி கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள்: மறைவுத் திகதி போடுகிற இடத்தில் ஒரு கோடுகூடப் போடக்கூடாது, சும்மா வெள்ளையாக விடவேண்டும்.

ஐந்து சனிக்கிழமை பின்னேரங்கள் சிவகுருநாதன் ரக்னிலின் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறினார். முதல்நாள், வழக்கமாகச் சொந்தக்காரர்களிடம் நிரப்பி வாங்குகிற படிவத்தைக் கொண்டுபோனார். இருவரும் அதை ஜேர்மனில் நிரப்பினார்கள். தந்தை, தாய், பிறந்த ஊர்வரைக்கும் பேனா ஓடியது. கணவர்? இல்லை. பிள்ளைகள்? "விரும்பினேன், வரவில்லை," என்றார் அவர். மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கோடு கீறவேண்டி வந்தது. அரைப் பக்கம் வெறும் கோடு. இருந்த ஒரு தங்கையும் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறதாம்.

"ஒருவர் இறந்தால் இத்தனை பேரை எழுதுவீர்களா?" என்று படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார் ரக்னில்.

"ஓம். பேரன் பேத்தி வரைக்கும். ஒரு பெயர் விடுபட்டால் அடிபிடி வரும்."

"பெயர்களுக்காக அடிபிடி வருவது நல்ல விஷயம்."

அவர் ஏன் அப்படிச் சொன்னாரென்று அடுத்த சனிக்கிழமைதான் விளங்கியது. ஸ்கார்வி என்கிற மீன்பிடி ஊரில் பிறந்தவர் அவர். பதினாலு வயதில் மீன் வெட்டுகிற தொழிற்சாலை மேசையில் நிறுத்திவிட்டார்கள். ஐஸ் தண்ணீரில் கை, கையில் கத்தி. கவிதையை மனதுக்குள் செய்து, மறந்துபோகாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டேயிருந்து, தேநீர் மணி அடித்ததும் மீன் சுற்றுகிற மெழுகுத் தாளில் எழுதுவாராம். ஒன்பது வருடம் அப்படி. இருபத்துமூன்று வயதில் 'ஈரக் கையுறை' என்று முதல் புத்தகம் வந்தது. மேசைப் பெண்கள் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி, சாப்பாட்டு அறையில் நூலில் கட்டித் தொங்கவிட்டார்களாம்.

"அந்தப் பிரதி இப்போது எங்கே?" என்று கேட்டார் சிவகுருநாதன்.

ரக்னில் எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து எடுத்துவந்தார். பக்கங்களுக்கிடையில் மீன்செதில் இன்னும் ஒட்டியிருந்தது. சிவகுருநாதன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். தன்னை அறியாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு வெட்கப்பட்டார்.

தலைநகரத்து விமர்சகர் ஒருவர், 'மீன் நாற்றம் வீசுகிற கவிதைகள்' என்று எழுதினாராம். இந்த மனுசி கோபிக்கவில்லை. அந்த வசனத்தையே இரண்டாவது புத்தகத்தின் பின்னட்டையில், விமர்சகரின் பெயரோடு பெரிதாகப் போட்டுவிட்டார். புத்தகம் மூன்று பதிப்புப் போனது. முப்பத்திரண்டு வயதில் ஒரு வாரத்துக்கென்று பேர்லின் வந்தவர் திரும்பிப் போகவில்லை. சலவைக்கூடத்தில் வேலை. இடையில் ஒன்பது வருடம் ஒரு வரி எழுதவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை," என்றார் சாதாரணமாக. சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நூற்று நாற்பது கல்வெட்டு எழுதியவருக்கு அந்தப் பதில் நன்றாகவே சுட்டது.

பிறகு டென்மார்க்கின் பெரிய விருது. அமைச்சரும் பேராசிரியர்களும் நிறைந்த மண்டபத்தில் ஏற்புரைக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார்களாம். அவர் எழும்பி, மேசையில் தன்னோடு மீன் வெட்டிய நாற்பத்தொரு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாக, ஆறுதலாக வாசித்துவிட்டு இருந்துவிட்டார். நன்றி என்ற சொல்கூட இல்லை. "அதுதான் நான் எழுதியதில் நல்ல கவிதை," என்றார். சிவகுருநாதன் கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டார். இப்படியும் ஒரு மனுசி இருக்கிறாவே என்று வியந்து, பிறகு அந்த நாற்பத்தொரு பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

நாகமுத்துவைப் பற்றிக் கடைசிச் சனிக்கிழமைதான் பேச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகமுத்து மீன் குழம்பு கொண்டுவருவாராம். வாசலில் நின்று கொடுப்பார், உள்ளே வரமாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் கதிரையில் இருந்தது மூன்று தரம். ரக்னிலுக்கு, எழுதி முடித்த கவிதையை யன்னலைத் திறந்து வைத்துச் சத்தமாக வாசித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. அவர் வாசிக்கத் தொடங்கியதும் கீழ்வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றுவிடும்.

"ஒவ்வொரு முறையுமா?"

"ஒவ்வொரு முறையும். வாசித்து முடித்தால் திரும்பப் போடுவார். டேனிஷ் மொழியில் ஒரு சொல் அவருக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை." ரக்னில் யன்னல் பக்கம் பார்த்தார். "இப்போது கீழே புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நல்லவர்கள். நான் வாசித்தால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டேயிருக்கிறது."

அன்றைக்கு அவர் நன்றாக மெலிந்திருந்தார். தேநீர்க் குவளையைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. மிஞ்சியிருக்கிற நாட்களை எண்ணிப் பார்க்கச் சிவகுருநாதனுக்குப் பயமாக இருந்தது.

வரலாறு எழுதுவது எதிர்பார்த்ததைவிட இலகுவாக வந்தது. பழைய கோப்பைத் திறக்காமல் வெள்ளைத் தாளில் கையால் எழுதினார். ஆலமரம் கிட்டவும் வரவில்லை. மீன்செதில் வந்தது, மெழுகுத் தாள் வந்தது, நாற்பத்தொரு பெயர் வந்தது. பாட்டும் எழுதினார். நாலே வரி. முப்பது வருடத்துக்குப் பிறகு தானாக எழுதிய நாலு வரி என்று மனைவியிடம் சொல்லவும் செய்தார்.

முட்டுப்பட்டது பிழையில்தான். வேண்டுமென்று செய்கிற பிழை பிழையாகுமா? பிறந்த ஆண்டை மாற்றினார். அச்சுப் பிழைபோல அற்பமாக இருந்தது. பதினொரு புத்தகத்தைப் பன்னிரண்டாக்கினார்; அது புளுகு. உறவினர் வரிசைப் பக்கம் வேறு மொட்டையாகக் கிடந்தது. தாய், தகப்பன், தங்கை, மூன்றே பெயர். நாற்பத்தொரு பெயரை வாசித்த மனுசிக்கு மூன்று பெயரோடு ஒரு கல்வெட்டு. இரண்டு வாரம் அந்தப் பக்கத்தை எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்தார் அவர்.

திலகவதி மேசையைத் துடைக்கும்போது நாகமுத்துவின் கல்வெட்டை எடுத்துப் பார்த்தாள். பிழைக்கதை வந்தபிறகு அவள் அதை முழுதாக வாசித்திருந்தாள்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்ல," என்றாள். "அந்த மனுசனுக்கு ஐஞ்சு பிள்ளையளை எழுதிப்போட்டியள். தாய் இல்லாமல் ஐஞ்சும் வானத்தால விழுந்ததுகளோ?"

சொல்லிவிட்டுத் துணியை உதறிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். சிவகுருநாதன் பேனையை மூடிவைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

கெல்சென்கிர்ச்சனில் வேலாயுதரின் மூத்த மகன் மதீசன் எடுத்தான். மின்சார வேலை செய்கிறவன், ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயது. சிவகுருநாதன் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு நாகமுத்துவைச் சொன்னார், மேல்வீட்டு அம்மாவைச் சொன்னார், யன்னலையும் தொலைக்காட்சியையும் சொன்னார்.

"முதல்தரம் கேக்காமல் போட்டிட்டன், தம்பி. அது என்ர பிழை. இந்தமுறை கேட்டுப்போட்டுத்தான் போடுறது. உங்கட ஐஞ்சு பேற்ற பேரையும் அந்த அம்மாவுக்குப் பிள்ளையளாப் போடட்டோ?"

ஏச்சு விழப்போகிறதென்று அவர் காத்திருந்தார்.

"அண்ணை," என்றான் மதீசன், "எங்கட அம்மா போய்ப் பதினாலு வருசம். நான் தம்பியாக்களோடயும் தங்கச்சியோடயும் கதைச்சுப்போட்டு நாளைக்கு எடுக்கிறன்."

மறுநாள் அவன் எடுத்துச் சொன்னதைச் சிவகுருநாதன் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ரக்னிலின் கட்டிலை யன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். முதுகுக்கு மூன்று தலையணை. சிவகுருநாதன் எழும்பிநின்று தமிழில் வாசித்தார். நிருஷா கட்டிலோரம் இருந்து ஜேர்மனில் சொன்னாள். திலகவதியும் வந்திருந்தாள். கெட்டது நடந்தால் தடுக்க வந்தவள்போல வாசலோடு நின்றாள்.

"டென்மார்க் ஸ்கார்வியைப் பிறப்பிடமாகவும், பேர்லின் நொய்கெல்னை வதிவிடமாகவும் கொண்ட, மீன் மேசையில் கவிதை செய்த ரக்னில் வெஸ்ட்ரூப் அவர்கள்..."

ரக்னில் கண்ணை மூடிக் கேட்டார். பின்னட்டைக் கதை வந்தபோது உதட்டில் சிரிப்பு. நாற்பத்தொரு பெயரையும் சிவகுருநாதன் ஒன்றும் விடாமல் வாசித்தார். அவருடைய யாழ்ப்பாணத்து வாயில் அந்த டேனிஷ் பெயர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ரக்னில் மெல்லத் தலையாட்டினார், மேசையில் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தலையாட்டுவதுபோல. நாலு வரிப் பாட்டை மட்டும், "திரும்ப வாசியுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம்," என்றார். அவர் திரும்ப வாசித்தார்.

"இதை யார் எழுதியது?"

"நான்தான்."

"தெரிகிறது," என்றார் ரக்னில். சிவகுருநாதனுக்கு அது போதும். அறுபத்துமூன்று வயதில் அவர் கேட்ட முதல் விமர்சனம் அது.

"ஆனால் எனக்குப் பிழை ஒன்று தரவேண்டும். இதுவரை வரவில்லையே."

சிவகுருநாதன் பக்கத்தைத் திருப்பினார்.

"அன்னார் அன்டர்ஸ், கிர்ஸ்டினே தம்பதிகளின் அன்பு மகளும், எல்சேயின் பாசமிகு சகோதரியும், மதீசன், கிருஷாந், நிலக்சன், சதீசன், மிதுஷா ஆகியோரின் அன்புத் தாயாரும் ஆவார்."

நிருஷா சொல்லி முடிக்க, ரக்னில் கண்ணைத் திறந்தார்.

"ஐந்து பேர்," என்றார்.

"ஐந்து பேர்."

"இந்தப் பெயர்களை நான் கேட்டிருக்கிறேன். அந்த மண்டபத்தில், அவருடைய புத்தகத்தில். அதே ஐந்து பேர்."

"அதே ஐந்து பேர்தான்," என்றார் சிவகுருநாதன்.

ரக்னில் முகத்தைத் திருப்பித் தரையைப் பார்த்தார். அந்தத் தரைக்குக் கீழேதான் நாகமுத்து இருபத்திரண்டு வருடம் இருந்தார். வாசலில் நின்ற திலகவதி உள்ளே வந்து, கேளாமலேயே கட்டிலோரம் இருந்து, அந்த மெலிந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைகளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார் ரக்னில்.

"கேட்டுத்தான் போட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

சிவகுருநாதன் சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து, மதீசன் சொன்னதை ஒரு சொல் மாறாமல் வாசித்தார். "'வாற சனிக்கிழமை ஐஞ்சு பேரும் வாறம் எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம் எண்டும் கேட்டுச் சொல்லுங்கோ, சமைச்சுக் கொண்டுவாறம்.'"

நிருஷா ஜேர்மனில் இரண்டு தரம் தொடங்கி, மூன்றாந்தரம்தான் சொல்லி முடித்தாள்.

ரக்னில் வெஸ்ட்ரூப், பதினொரு புத்தகம் எழுதியவர், சொல்லைத் தேடிக்கொண்டு கொஞ்சநேரம் கிடந்தார்.

"மீன் குழம்பு," என்றார். "அவர் எனக்காக உறைப்பைக் குறைத்துத்தான் எப்போதும் கொண்டுவருவார். குறைக்க வேண்டாமென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், குறைக்க வேண்டாம்."